மருத மரத்தடியில் நான் வைத்த பெட்டி

மகன்,

ஸலாத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆசை. வெள்ளிக்கு வெள்ளி வந்தாலும் நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் தாளில் சொல்கிறேன், ஏற்றுக்கொள். உனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று எனக்கு முதலில் சொன்னது மீன்காரர். காலையில் கல்முனையில் மீன் எடுத்து நீ இருக்கிற சம்மாந்துறை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறாரே, அவர்தான். "என்ன ராத்தா, வாப்பும்மாவாகியும் சூடைதானா? இண்டைக்காவது பாரை எடுங்க" என்றார். நான் எல்லாம் தெரிந்தவள்போலச் சிரித்துக்கொண்டு பாரையே வாங்கினேன். வெட்டிக் கழுவி உப்புப் போட்டு வைத்த பிறகுதான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அன்று பின்னேரம் நீ போன் எடுத்து "உம்மா, பொம்புளப் புள்ள" என்றாய். அப்போதுதான் கேட்பவள்போல "மாஷா அல்லாஹ்" என்று கத்தினேன். நல்லாக நடித்தேன்தானே?

ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்குவீர்கள். எனக்கு அழைப்பு வராது என்று தெரியும். அழைப்புக் கேட்டு இதை எழுதவில்லை. உன் கலியாணத்துக்குச் சில நாள் முன்னால், உன் மாமனார் வீட்டு மண்டபத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குத்தான் இப்போது பதில் சொல்லப்போகிறேன். நீளமாகத்தான் சொல்வேன். சுருக்கிச் சொல்ல உன் உம்மாவுக்கு எப்போது வந்தது?

முதலில் தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் அதில்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வருகிறாய். மருந்து கொண்டுவருகிறாய், பழம் கொண்டுவருகிறாய், கரண்ட் பில்லைக் கட்டிவிட்டேன் என்கிறாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் இஞ்சி தட்டிப்போட்டு, உனக்குப் பிடித்தமாதிரிப் பாலைக் கூடவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன். முதல் தரம் "நோன்பு உம்மா" என்றாய். வெள்ளிக்கிழமையைப் பார்த்துத் தனி நோன்பு பிடிக்கிற ஆள் எங்கேயடா இருக்கிறான்? அடுத்த வாரம் வயிறு சரியில்லை. அதற்கடுத்த வாரம் கடையில் குடித்துவிட்டு வந்தாய். பிறகு நீ காரணம் சொல்வதை விட்டுவிட்டாய், நான் கேட்பதை விட்டுவிட்டேன். கோப்பையில் ஆடை படிந்து கிடக்கும். நீ போன பிறகு அதை எடுத்து வாழைக்கு ஊற்றுவேன். 'உம்மாட கையால ஒண்டும் வாயில வைக்காத' என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். அவர்கள் என் பாலைக் குடித்தவர்களா? நீ குடித்தவன்.

இந்தப் பெட்டி விளையாட்டை எனக்குக் காட்டித் தந்தவன் நீதான். ஓமானில் வேலை செய்யும்போது பழகிக்கொண்டு வந்தாய். லீவில் வந்து, நம் பிளாஸ்டிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஜியோகேஷிங், ஜியோகேஷிங் என்று ஒரே கதை. யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைப்பாராம், அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவாராம், முன்பின் தெரியாத ஆட்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிவந்து, உள்ளே இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டுப் பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார்களாம். "அப்ப பரிசு என்ன?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல உம்மா, கண்டுபிடிக்கிறதுதான்" என்றாய். "அல்லாஹ்வே, வேல வெட்டி இல்லாதவனுகள்" என்றேன். அப்படிச் சொன்ன நான்தான் அடுத்த கிழமை உன் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஏறி அறுகம்பே கடற்கரை வரைக்கும் வந்தேன்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளைக்காரர் யாரோ வைத்த பெட்டி. போன் இங்கேதான் என்கிறது, இடத்தில் கல்லைத் தவிர ஒன்றுமில்லை. நான் அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லிடுக்குகளில் கையை விட்டுத் துழாவுகிறேன். வலை காயப்போட வந்த இரண்டு பேர் நின்று, "என்ன ராத்தா தேடுற?" என்றார்கள். ஆட்கள் பார்த்தால் விளையாட்டைச் சொல்லக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, "தோடு விழுந்திட்டு" என்றேன். பாவம், அவர்களும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார்கள். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாய். அவர்கள் சலித்துப்போய் நகர்ந்த பிறகு பெட்டி என் கையில்தான் அகப்பட்டது. வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவில் என் பெயரைத் தமிழில் எழுதினேன். உன் வாப்பா மௌத்தான பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த நாள் அது.

திரும்பி வரும்போது, நாமும் ஒரு பெட்டி வைப்போமா என்று கேட்டேன். நீ ஓட்டிக்கொண்டே காற்றில் கத்திக் கத்திப் பாடம் எடுத்தாய். தண்ணீர் போகாத பெட்டியாக இருக்க வேண்டும். காணிக்காரரிடம் கேட்டுவிட்டு வைக்க வேண்டும். இது விளையாட்டுப் பெட்டி என்று வெளியில் எழுதி ஒட்ட வேண்டும். எண்களை ஒரே தரம் பார்த்து நம்பாமல் வேறு வேறு நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். "உள்ளுக்கு சின்னச் சின்னச் சாமான் வைக்கலாம் உம்மா. ஆனா காணாமப் போனாக் கவலைப்படுற சாமான் ஒண்டும் வைக்கப்படாது." எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கடைசியில் சொன்னதை மட்டும் கேட்டு நடந்திருந்தால் போதும் மகன், இன்றைக்கு உன் மகள் என் மடியில் கிடப்பாள்.

நம் ஊர்களில் மகள் வீட்டோடு இருப்பாள், மகன் போய்விடுவான். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே போய் வாழ வேண்டியவன். உன் வாப்பாவும் மருதமுனையிலிருந்து இந்த வீட்டுக்கு அப்படி வந்தவர்தான். அன்று அவருடைய உம்மா எங்கே நின்றார், எப்படி நின்றார் என்று எனக்கு ஞாபகமில்லை. என் கண் முழுக்க என் கலியாணச் சாரியில் இருந்தது. எனக்கு அல்லாஹ் ஒரு பிள்ளையைத்தான் தந்தான், அதையும் ஆணாகத் தந்தான். உனக்குப் பெண் தேடிப் போய் நஸ்ரீனைப் பார்த்துவிட்டு வந்து, "புள்ள நல்ல புள்ள, இதையே பேசுவோம்" என்று சொன்னது நான். சம்மாந்துறை என்ன தூரம், காரைதீவில் திரும்பி மாவடிப்பள்ளியைத் தாண்டினால் வந்துவிடும் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்ததும் நான். நீ போவதை யார் தடுத்தது? நீ போவதற்கு நான் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. புது வீட்டில் முதல் நாள் விடிகிறது. மாப்பிள்ளைக்கு அங்கே கையும் ஓடாது காலும் ஓடாது. வாசலுக்கு வந்து போனைத் திறப்பாய், எனக்குத் தெரியும், பழக்கதோஷம். திறந்தால் சம்மாந்துறையிலேயே ஒரு பெட்டி இருக்கிறது என்று அது காட்ட வேண்டும். யாரடா இது என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போய் எடுத்துத் திறந்தால், வைத்தது உம்மா. நீ போகிற இடத்துக்கு உனக்கு முன்னால் நான் ஒரு தரம் போய் வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். இதை யோசித்து யோசித்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கடைப் பெடியன்கள் பார்த்திருக்கிறார்கள், வேண்டுமானால் கேள்.

பெட்டியைத் தெரிவு செய்வதில் என்னை யாரும் வெல்ல முடியாது. நாலு பக்கமும் கொளுவுகிற மூடி, உள்விளிம்பில் ரப்பர் வார், தண்ணீர் வாளிக்குள் அமுக்கிவைத்துச் சோதித்தும் பார்த்தேன். அதற்கு மேலும் ஆசை அடங்காமல் கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டேன். வெளியில் எழுதி ஒட்ட வேண்டியது அந்த டேப்புக்கு அடியில் போய்விட்டது. துணிக்கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி ஆட்டோவில் சம்மாந்துறைக்குப் போய்வந்தேன், ஒரு தரம் அல்ல, மூன்று தரம். உன் மாமனார் வளவுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் அந்த மருத மரம். நல்ல நிழல். வேர் பிரிந்து நடுவில் ஒரு பொந்து, பெட்டிக்கென்று செய்துவைத்த மாதிரி. காணி யாருடையது என்று கேட்கவில்லை. கேட்டால் உன் காதுக்கு வந்துவிடுமே! போகும்போதெல்லாம் போன் காட்டிய எண்களை உள்ளே வைக்கிற தாளில் வரிசையாக எழுதினேன். கொஞ்சம் கொஞ்சம் மாறிமாறி வந்ததால் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டம் போட்டு எழுதினேன். முதல் ஆளாகப் பெயர் எழுத வேண்டியவன் நீ என்பதால், தலைப்பில் உன் பெயரையும், இன்னாருடைய மகன் என்று என் பெயரையும் எழுதினேன். மூன்றாம் தரம் போனபோது பெட்டியைப் பொந்துக்குள் வைத்து மண் தள்ளி மூடினேன். இணையத்துக்கு அனுப்ப வேண்டியதையும் எழுதி முடித்து, கலியாணத்துக்கு முதல் நாள் அனுப்புவோம் என்று போனிலேயே வைத்திருந்தேன்.

சாமான் என்று வைத்தது மூன்று. நீ சின்னதில் சேர்த்து வைத்த ஒரு கண்ணாடி மாபிள் குண்டு, உன் பள்ளிக்கூடத்து பெட்ஜ், உன் முடி. நீ பிறந்து ஏழாம் நாள் இறக்கிய முடி. முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் கொடுத்து, முடியை மண்ணில் புதைக்கக் கொண்டுபோனார்கள். கொண்டுபோகும் முன் நான் படுத்திருந்தபடியே கையை நீட்டி ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டேன். வெள்ளைத் துணித்துண்டில் வைத்து நூலால் கட்டி அலுமாரியில் வைத்தேன். உன் வாப்பாவுக்கும் தெரியாது. அவர் கண்டிருந்தால், "புதைக்கிற சாமான வச்சிருந்து என்னடி செய்யப்போற?" என்று ஏசியிருப்பார்.

கலியாணத்துக்குச் சில நாள் இருக்க, சோறு ஆக்குகிற ஆட்கள் உன் மாமனார் வீட்டுக்கு வந்து, கலியாணச் சோற்றுக்குக் கிடாரம் ஏற்ற எங்கே அடுப்பு வெட்டலாம் என்று பார்த்து, நிழலாக இருக்கிறதென்று அந்த மருத மரத்தடியையே பிடித்தார்கள். மண்வெட்டி பெட்டியில் பட்டது. எனக்கு உடனே வரச்சொல்லி அழைப்பு வந்தது. சோற்றுக் கணக்குப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று, போகிற வழியில் கலியாண இனிப்புக்கு வட்டிலப்பம் அவிக்க ஆளும் பேசிவிட்டுப் போனேன். மண்டபத்துக்குள் காலை வைத்தால் நடுவில் பேப்பர் விரித்து என் பெட்டி. சுற்றிவரச் சனம், ஒருவரும் கிட்டே வரவில்லை. ஓதிப் பார்க்கிற மனிதர் ஒருவர் ஈர்க்கினால் அந்தத் துணி முடிச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முடி, நூல், வெள்ளைத் துணி, தாயின் பெயரோடு பிள்ளையின் பெயர், கட்டம் கட்டமாக எண்கள், கறுப்பு டேப். நம் பக்கத்தில் எந்த மனிதர் இதைப் பார்த்தாலும் என்ன சொல்வார்? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மகனைப் போகவிடாமல் கட்டிவைக்கத் தாய் செய்த சூனியம்.

உன் மாமனாரை நான் குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் கேட்டார். "சம்மந்தி, நாங்க உங்களக் குத்தம் சொல்லல்ல. இது என்னண்டு மட்டும் சொல்லுங்க." உன்னையும் கூப்பிட்டிருந்தார்கள்; அப்போதுதான் வந்து சேர்ந்த நீ எனக்கு முந்திக்கொண்டு, பெட்டியைப் பார்த்ததும் சிரித்தாய். அல்ஹம்துலில்லாஹ், என் பிள்ளை கண்டுகொண்டான் என்று என் நெஞ்சு குளிர்ந்தது. "மாமா, இது விளையாட்டு. வெளிநாட்டுல எல்லாரும் விளையாடுற. இந்த இலக்கம் இடத்தக் காட்டுற இலக்கம், வேற ஒண்டுமில்ல" என்று போனை எடுத்து ஒவ்வொருவருக்கும் காட்டினாய். ஒரு பெரிய மனிதர் தாடியைத் தடவிக்கொண்டு தலையும் ஆட்டினார். அந்த நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து நஸ்ரீனின் மாமி சத்தமாகக் கேட்டாள்: "சரி தம்பி, விளையாட்டுண்டு வச்சிக்குவம். அப்ப அந்த முடி எதுக்கு?"

அந்த முடியைப் பற்றி உனக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லையே. நீ முடிச்சைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "உம்மா, முடி எதுக்கும்மா?" என்றாய். மகன், நீ கேட்டது எனக்கு நோகவில்லை. கேட்கும்போது உன் சிரிப்பு நின்றுபோனதே, அதுதான். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலை அந்தச் சனத்துக்கு முன்னால் சொல்லிப் பார்: 'இது என் பிள்ளையின் முடி, எனக்கு ஆசை, அதனால் வைத்தேன்.' அவர்கள் சொன்ன குற்றத்தை நானே என் வாயால் ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும்? ஆசை என்ற சொல்லை எடுத்தாலே கட்டிவைக்கப் பார்த்தாள் என்பார்கள். நீ போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "நீங்க வீட்ட போங்க உம்மா" என்றாய்.

போனேன். ஆட்டோ திரும்ப இடமில்லாமல் வாசலில் நின்றபோது, உள்ளே அந்த முடிச்சை ஓதி எரித்தார்கள். முடி எரிகிற மணம் எப்படி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்தப் பத்த வைக்கிறானுகள்?" என்றார். கலியாணத்துக்கு நீ நம் வீட்டிலிருந்து போகவில்லை, பள்ளிவாசலிலிருந்தே போனாய். தைத்த சட்டையை உன் மச்சான்காரன் வந்து வாங்கிக்கொண்டு போனான். பொத்தான் ஒன்று தளர்ந்திருந்தது, நானே இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். நீ அதைப் போட்டாயா, அல்லது அதையும் ஓதிப் பார்க்கக் கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது.

முடி எதுக்கு என்று கேட்டாய் அல்லவா? இதுதான் பதில். நீயும் போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். எனக்குப் பிறகு மகள் என்று யாரும் வந்து என் அலுமாரியைத் திறக்கப்போவதில்லை. யாரோ சொந்தக்காரப் பெண்கள் வந்து துப்புரவாக்குவார்கள். அவர்கள் கையில் அது ஒரு அழுக்குத் துணி. குப்பையோடு போய்விடும். எனக்கு இந்த உலகத்தில் அதைவிடப் பெறுமதியான சாமான் கிடையாது, அதைக் குப்பைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. உரியவனிடமே கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். கையில் தர வெட்கமாக இருந்தது. எருமைமாடு மாதிரி வளர்ந்த ஆம்பிளையிடம் போய், இந்தா உன் பிள்ளைமுடி என்று எப்படி நீட்டுவது? விளையாட்டுக்குள் வைத்துத் தந்தால் நீயும் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வாய் என்று நம்பினேன். பிடித்துவைக்க நினைத்தவள் அதை அலுமாரியிலேயே வைத்துப் பூட்டியிருப்பாள் மகன். நான் உன்னோடு அனுப்பத்தான் வெளியில் எடுத்தேன்.

உனக்குப் பிறந்தது பெண். அல்லாஹ் உன்மேல் இரக்கம் வைத்திருக்கிறான், அவள் உன் வீட்டைவிட்டுப் போக மாட்டாள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பிள்ளை மேல் இருக்கிற ஆசையை அவளிடம் நேரே சொல்லிப் பழகு. வாயால் சொல்லு, பக்கத்தில் இருத்திவைத்துச் சொல்லு. என்னைப் போல நல்ல நேரம் வரட்டும், வேடிக்கையாகச் சொல்வோம் என்று ஒளித்து ஒளித்து வைக்காதே. உனக்குமுன் வேறு யாராவது அதைத் தோண்டி எடுத்தால், அவர்கள் கையில் அது என்னவாக மாறும் என்று ஒருவருக்கும் தெரியாது. நஸ்ரீன் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதையும் அவளிடம் சொல்லு. அன்று அறைக்குள் அவள் மட்டும் அழுதாள், மண்டபத்தில் நின்றபடி கதவு இடுக்கால் கண்டேன்.

முடி இறக்குகிற நாளில் எனக்காக ஒரு வேலை செய். வெள்ளியை நிறுக்கிற ஆட்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு, நஸ்ரீனைப் பார்த்துக்கொண்டிரு. முடியைப் புதைக்க எடுத்துப் போகும் முன், யாரும் பார்க்காத நேரத்தில் அவள் கையை நீட்டி ஒரு சிட்டிகை எடுப்பாள். எடுத்து எதிலாவது சுற்றித் தலையணைக்கடியில் வைப்பாள். அவளைப் பிடித்துவிட்டதுபோலக் கேட்காதே, பயந்துவிடுவாள். ஆட்கள் எல்லாம் போன பிறகு, பக்கத்தில் இருந்து மெல்லக் கேள்: "முடி எதுக்கு?" அவள் பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வரும்போது அடுப்படிக்குள் வா. என் கையால் குடிக்க வேண்டாம். அடுப்படியில் தேயிலை இருக்கிற இடம் உனக்குத் தெரியும், சீனி இருக்கிற இடமும் தெரியும். நீயே ஊற்றிக் குடி. நான் கேத்தலைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

உன் உம்மா